மம்பட்டிக்கு முந்தி பேனர்

ஏம் மாப்ள, செல்லுல நீ பேசி அனுப்புனதை ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன். பொங்கல் லீவுக்குப் பெஞ்சாதி பிள்ளைகளோட வந்து நம்ம ஊருணியைத் தூர்வாரிக் குடுக்கப் போறதா முடிவெடுத்திருக்கியாம். 'குடும்பத்தோடு தொண்டு'ன்னு பேனருக்குச் சொல்லியாச்சு. நாலு பேருக்கும் ஒரே நெறத்துல பனியன் அடிச்சாச்சு. வேலை செய்யறதை வீடியோ எடுக்க ஒரு தம்பிக்கு அட்வான்சும் குடுத்தாச்சு. எல்லாம் தயாரு, மம்பட்டி மட்டுந்தான் பாக்கின்னு ஒங்காத்தாகிட்டச் சொன்னேன். "அதை எந்தப் பக்கம் புடிப்பான்னு கேட்டுச் சொல்லுண்ணே"ன்னு சிரிச்சா. பெத்தவ அப்படித்தான் பேசுவா, மனசுல வச்சுக்காத. தாய்மாமன் சொல்றதைக் கேட்டுக்க.

தை மாசம் வாரேன்னியே, அந்த எடத்துல நான் அசந்து போயிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில பெஞ்ச மழைக்கு ஊருணி தையில கரை தட்ட நிக்கும். அப்பத் தூர்வாரணும்னா முங்கித்தான் வாரணும். ஒம் பிள்ளைக காசு கட்டி நீச்சல் படிச்ச பிள்ளைக, ஒரு பயமும் இல்ல. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு உள்ள எறங்கி, ரெண்டு கை சேத்தை அள்ளிக்கிட்டு மேல வந்து மூச்சு விட்டுட்டுத் திரும்ப முங்குனா, எட்டாங்கிளாசு படிக்கிற ஒம் மகனுக்குப் பொண்ணு பாக்குறதுக்குள்ள ஒரு மூலை முடிஞ்சுரும். 'இல்ல மாமா, மூச்சு முட்டாம வாரணும்'னா சித்திரை, வைகாசிதான். தரை வெடிச்சுக் கெடக்கும். மம்பட்டி வாங்கும். வெயிலும் மண்டையைப் பொளக்கும். பிள்ளைகளுக்கும் அப்பப் பள்ளிக்கூடம் கெடையாது. ஒனக்குத்தான் கம்பெனியில லீவு தர மாட்டானாக்கும். அப்பச் சரி, ஊருணியைத்தான் தைக்கு வத்திக்கச் சொல்லணும்.

நீ பேசுனதுல ஒரு எடம் எனக்குக் கொஞ்சம் குத்துச்சு. 'ஊருக்கு ஏதாவது உதவி பண்ணணும் மாமா'ன்ன. உதவியா? அந்த ஊருணித் தண்ணியைத்தான் ஒங்காத்தா ஒன்னைய வயித்துல வச்சுக்கிட்டு இடுப்புல சுமந்தா. பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை இழைச்சுக் கலங்கல் தெளிய வச்சு, அதைத்தான் ஒனக்கு ஊத்துனா. வட்டி கட்ட வேண்டிய ஆளு பனியன் போட்டுக்கிட்டு வந்து, 'முதலாளி, ஒங்களுக்கு ஒரு ஒத்தாசை பண்ணலாம்னு வந்திருக்கேன்'னு பத்து ரூபாயை நீட்டுனா கடைக்காரரு எப்படிப் பாப்பாரு? நான் ஒன்னைய அப்படித்தான் பாக்குறேன். ஊருணியில நீ செய்யறது ஒம் முறை. தலைக்கட்டுக்கு ஒரு ஆளு வரணும்னு இருக்கு. ஒங்க தலைக்கட்டுக்கு இத்தனை வருசமா ஒங்கப்பன் வந்தான். அவன் போனதுக்குப் பெறகு ஒங்காத்தா கூலிக்கு ஆள் விட்டா. கூலிக்காசை அவ ஒங்கிட்டக் கேட்டதில்ல, நீயும் என்னன்னு விசாரிச்சதில்ல.

இந்த வீட்டுக்கு ஒரு ஆளு சங்கதி நம்ம பக்கத்துல சாமியவே விட்டு வைக்கல தெரியுமா? வைகை பெருகிக் கரையை ஒடைச்சப்ப, குடிக்கு இத்தனை அடின்னு கரையைப் பங்கு போட்டுக் குடுத்தான் பாண்டியன். பிட்டு அவிச்சு விக்கிற வந்திக் கெழவிக்கும் ஒரு பங்கு விழுந்துச்சு. ஆள் இல்லாதவ. கூலியாளா வந்து நின்னாரு சொக்கர். காசு வேணாம், உதுந்த பிட்டைக் குடு போதும்னாரு. அன்னிக்குன்னு பாத்து அவிச்ச பிட்டெல்லாம் உதுந்துச்சு. தின்னாரு. ரெண்டு கூடை மண்ணைச் சொமந்தாரு. பாட்டுப் பாடுனாரு, ஆட்டம் போட்டாரு, கூடையைத் தலைக்கு வச்சு மரத்தடியில படுத்துட்டாரு. மத்தவன் பங்கெல்லாம் அடைஞ்சிருச்சு, வந்தி பங்கு மட்டும் வாயைத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு. பாண்டியன் பொற்பிரம்பால முதுகுல ஒரு போடு போட்டான். அடி அவன் முதுகுலயும் விழுந்துச்சு, மந்திரி, படை, ஊரு சனம் அத்தனை பேரு முதுகுலயும் விழுந்துச்சு.

மதுரையில இன்னிக்கும் ஆவணி மூலத்தன்னிக்குப் புட்டுத்தோப்புல இதை நடத்திக் காட்டுறாங்க. எல்லாரும் ஆண்டவனோட கருணையைப் பாத்துக் கையெடுக்குறாங்க. நான் கும்புட்டுக்கிட்டே வேற ஒண்ணைப் பாப்பேன். எல்லாரும் அவங்கவங்க பங்கை ஒழுங்கா அடைச்சுட்டாங்க. அதுனால தண்ணி நின்னுச்சா? ஒரு வீட்டுப் பங்கு தொறந்து கெடந்தா ஊரே முழுகும், அடியும் ஊருக்கே விழும். கணக்குல அவ்வளவு கறாரான வேலை இது. பாட்டு, ஆட்டம், தூக்கம் எல்லாம் ஒங்க தொண்டுலயும் உண்டு. முக்காவாசி நீ சொக்கரை ஒத்துட்ட. கடைசியில அவரு ஒரே நொடியில கரையை அடைச்சாரே, அந்த வித்தை ஒனக்குத் தெரியாதுங்கிறதுதான் எங்களுக்குக் கவலை.

சாமிக்குப் பெறகு வெள்ளைக்காரன் வந்தான். குடிமராமத்துன்னு நாம வழக்கமாச் செஞ்சதை அவன் 1858-ல சட்டமாக்கிட்டான். கரை ஒடையுற ஆபத்துன்னா ஊராளுக வந்து நிக்கணும், வழக்கமான மராமத்துக்கு வராதவன்கிட்டக் காசை வசூல் பண்ணலாம்னு எழுதி வச்சான். சர்க்காரு தன் பங்கு மராமத்துக்குக் கை விரிச்சது தனிக்கதை, அதைப் பேசுனா பொழுது விடிஞ்சுரும். பெறகு 2017-ல தமிழ்நாட்டு அரசாங்கமே பழைய பேரைத் தூசி தட்டி, 100 கோடி ரூபாயில 1,519 வேலைன்னு ஆரம்பிச்சது. பாசனக்காரங்க பத்துல ஒரு பங்கு காசாவோ ஒழைப்பாவோ போடணும்னு சொன்னாங்க. நல்லா நடந்த எடமும் உண்டு. கரையைச் செரச்சு ரெண்டு பக்கமும் பளபளன்னு வச்சுட்டு, உள்ள தூரை அப்பிடியே விட்ட எடமும் உண்டு. தூர்னு சொல்லி மணலை வாரிக்கிட்டுப் போனவனும் உண்டு. ஊராளு பத்துப் பேரு தெனமும் கரையில போயி நின்ன எடத்துல அந்தக் களவாணித்தனம் கம்மி. அதை மட்டும் நான் கண்ணால பாத்துச் சொல்றேன்.

அந்தக்காலம் தங்கம்னு நான் சொல்லப் போறேன்னு நெனைச்சிராத. முறை முறைன்னு பேசுன ஊர்ல, நெலம் வச்சிருந்தவன் கரையில கொடை புடிச்சு நின்னான், காணி நெலம் இல்லாதவன் பள்ளத்துல எறங்கி மண்ணெடுத்தான். அவன் வெட்டுன ஊருணியில அவனையே குடம் முக்க விடாத ஊரு எத்தனையோ. அந்த முறை திரும்பி வரக் கூடாது. ஆனா பாரு, கொடை புடிச்சு நிக்கிற வழக்கத்தை மட்டும் பத்திரமாக் காப்பாத்தி ஒங்கிட்டக் கைமாத்தி விட்டிருக்காங்க. இப்பக் கொடைக்குப் பதிலா செல்லு.

அதனால, குடும்பத்தோட வாரதுன்னா என்னன்னு முன்னாடியே பேசிக்குவோம். போன தடவை ஒங்க கம்பெனிக்காரப் பயலுக குடும்பத்தோட வந்து கோயில் வாசல்ல மரம் நட்டாங்களே, நான் திண்ணையில ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு கன்னு, அதை எட்டுப் பேரு புடிச்சிருந்தாங்க. பொம்பளைப் பிள்ளைக காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு பொங்கலும் சட்டினியும் பண்ணி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எல்லாருக்கும் பரிமாறி, அப்பறம் வந்து மண்ணும் சொமந்தாக. ஆம்பளைக கன்னுக்கிட்ட நின்னு சிரிச்சாக. போனதுக்குப் பெறகு கூட்டிப் பாத்தோம்: காயிதக் கப்பு ஒரு சாக்கு, தண்ணி பாட்டில் ரெண்டு சாக்கு. கன்னை மறுநா ஆடு தின்னுருச்சு. அதுல ஆட்டைக் கொறை சொல்ல முடியாது, அது குடும்பத்தோடதான் வந்துச்சு.

இந்தத் தடவை அந்தப் பிள்ளை, அதான் ஒம் பெஞ்சாதி, மம்பட்டி எடுக்கட்டும். தோட்டக்காட்டுல பொறந்து வளர்ந்த பிள்ளை, ஒன்னைய விட நல்லா வெட்டும். நீ அடுப்படியில நின்னு இருவது பேருக்குக் கஞ்சி காச்சு, தொவையல் அரை, சட்டி கழுவு. அதுவும் தொண்டுதான். இதுவரைக்கும் அதைச் செஞ்சவங்க பேரை யாரும் பேனர்ல போட்டதில்ல, நீ வேணும்னா ஒம் பேரைப் போட்டுக்க. பேனர் துணி கெட்டியா இருந்தா நெல்லுக் காயப் போட ஆகும்.

பிள்ளைகளுக்கு வேலை என்னன்னு கேட்டியே. சின்னதுக்குச் சட்டியைத் தூக்கிக் குடுக்காத, அதுக்கு வேற இருக்கு. ஊருணியில எறங்குறப்ப வாசல்லயே செருப்பைக் கழட்டச் சொல்லிக் குடு. குடிக்கிற தண்ணியில காலு கழுவக் கூடாது, துணி தொவைக்கக் கூடாது, மாட்டை விடக் கூடாது. இதை நாங்க போர்டுல எழுதி வைக்கல, ஒங்கப்பத்தா ஒரு தடவை சத்தம் போட்டா, அதோட எல்லாருக்கும் மனப்பாடம். பெரியவனுக்குப் பனங்கொட்டை. ஆவணி, புரட்டாசியில பழம் விழுகும். பொறுக்கிச் சேத்து, மழைக்கு முந்தி வெளிக்கரையில பத்தடிக்கு ஒண்ணாப் புதைக்கணும். அடுத்த வாரமே 'தாத்தா, மரம் வந்துருச்சா'ன்னு கேப்பான். வராதுப்பா. பனை மொதல்ல கீழதான் போகும், மேல வர மாசக்கணக்கா ஆகும், காய்க்க ஒரு தலைமுறைப் பொறுமை வேணும். சந்தேகப்பட்டு மூணு மாசத்துல தோண்டிப் பாத்தான்னா உள்ள கெழங்கு இருக்கும். அவிச்சுத் தின்னா ருசியா இருக்கும். மரம் மட்டும் இருக்காது. ஒங்க ஊர்லயும் எத்தனையோ நல்ல காரியம் இந்தக் கெழங்குக் கட்டத்துலதானே முடிஞ்சு போகுது?

வரத்துக்கால்ல சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு, அதை வெட்டுறது வீரமான வேலை, வீடியோவுல நல்லா விழுகும். ஆனா வெட்டுனா அது சாகாது, ஒண்ணு இருந்த எடத்துல நாலாத் துளுக்கும். வேரோட பறிக்கணும். வெதை ஆட்டுப் புழுக்கையில வந்து திரும்ப மொளைக்கும், மறுவருசம் கன்னுலயே புடுங்கணும், அதுக்கு மறுவருசமும் புடுங்கணும். 2017-ல மதுரை ஹைகோர்ட்டே ஒழிக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, வக்கீலுக கூட மம்பட்டி தூக்குனாக. மரம் இன்னும் இருக்கு. வருசா வருசம் ஒரு நா வந்து கன்னு புடுங்கற குடும்பம்னா எங்களுக்குத் தங்கம். ஒரே ஒரு நா வந்து பெரிய மரமா நாலைச் சாய்ச்சுட்டுப் போற குடும்பம்னா, கெளையை அள்ளிப் போட எங்களுக்கு ரெண்டு நா வேலை.

அப்பறம், பழைய துணியெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டாரேன்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு. நல்ல மனசு. ஆனா 2004 சுனாமிக்குப் பெறகு நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரத்துல பழைய துணி மலையாக் குவிஞ்சு மக்கிக் கெடந்துச்சு. கடலு எல்லாத்தையும் வாங்கிட்டுப் போனவனுக்கு மானத்தையாவது விட்டு வைக்கலாம்ல? ஜிப்பு பிஞ்ச பேண்டை எவன் போடுவான்? ஒங்க வீட்டுல நீங்க கட்ட மாட்டீங்கன்னா இங்கயும் யாரும் கட்ட மாட்டாங்க. கரித்துணிக்கு ஆகும்னா அங்கயே அடுப்படியில வச்சுக்கங்க.

ஒண்ணுமே செய்யாமச் செய்யற தொண்டு ஒண்ணு இருக்கு, நம்ம சிவகங்கைச் சீமையிலதான். திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி. 1977-ல வேட்டங்குடி பறவைச் சரணாலயம்னு அறிவிச்சாங்களே, அந்தக் கம்மாய்க்கரை ஊரு. பறவை வந்து கூடு கட்டி முட்டை வைக்கிற காலமும் தீபாவளியும் ஒண்ணா வரும். அதனால அந்த ஊர்ல வெடி போடுறதில்ல. கல்யாணம், திருவிழாவுக்கும் போடுறதில்ல. பெரியவங்க வெடி போடாம இருக்குறது ஒண்ணும் அதிசயம் இல்ல, காசு மிச்சம். பக்கத்தூர்ல டமால் டுமீல்னு சத்தம் கேக்குறப்ப அஞ்சு வயசுப் பய கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான் பாரு, அவன்தான் தொண்டன். வனத்துறைக்காரங்க தீபாவளிக்கு மிட்டாய் கொண்டாந்து குடுப்பாங்க. அம்புட்டுத்தான் சன்மானம். வீடு வீடா, தலைமுறை தலைமுறையா, ஒரு வீடு வெடிச்சாலும் மத்த வீடு காத்ததெல்லாம் போச்சுன்னு தெரிஞ்சு இருக்காங்க. பனியன் எதுவும் அடிக்கல.

இம்புட்டும் சொல்லிட்டு ஒரு விசயத்தைச் சொல்லாம விட்டா அது மாமன் வேலை இல்ல. நீ இப்பக் குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது? சென்னைக்கு வர்ற தண்ணியில ஒரு பங்கு கடலூர்ச் சீமை வீராணம் ஏரித் தண்ணி. பராந்தகச் சோழன் காலத்து ஏரி. 2004-லேருந்து 200 கிலோமீட்டருக்கு மேல குழாயில வந்து ஒங்க மாடியில ஏறுது. அந்த ஏரிக்கரையில ஒரு கூடை மண்ணு போட்டிருக்கியா? சரி, அது தூரம். 2015 டிசம்பர்ல ஒங்க தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சே, வீடு வீடா எலுமிச்சஞ்சோறு கட்டிக் குடுத்தீங்களே, அது மெய்யான குடும்பத்தொண்டு. அந்தப் பிள்ளை ராத்திரி பூராச் சோறு வடிச்சுச்சு, எனக்குத் தெரியும். தண்ணி வடிஞ்சதும் என்ன செஞ்சீங்க? மழைத்தண்ணி போற வாய்க்கால்ல குப்பையை யாரு போட்டான்னு ஆளுக்காளு சண்டை போட்டீங்க.

போன வருசம் ஒங்க அபார்ட்மென்ட்ல வந்து தங்கியிருந்தப்ப, வாட்ச்மேன்கிட்ட மழைநீர்க் குழி எங்கேன்னு கேட்டேன். 2003-லயே தமிழ்நாடு பூரா எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு போட்டாங்கல்ல, இருக்கணுமே. அவரு ரொம்ப நேரம் தேடி, ஒரு ஓட்டை சைக்கிளையும் ரெண்டு பூந்தொட்டியையும் நகட்டிக் காட்டுனாரு. மூடி துருப்பிடிச்சுத் தொறக்கல. நாப்பது வீடு இருக்குற கட்டடம். அந்தக் குழியிலேருந்து சேத்தை அள்ளிப் போட்டு, ஜல்லியையும் மணலையும் அலசித் திரும்பக் கொட்ட, வருசத்துக்கு ஒரு தடவை நாலு குடும்பம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நின்னாப் போதும். நாப்பது தலைக்கட்டு இருக்கீங்க, முறை வச்சுப் பாத்தா ஒனக்குப் பத்து வருசத்துக்கு ஒரு நாதான் விழுகும். அதையும் வாரேன்னு சொல்ல ஒங்க வாட்சப்புல ஒருத்தன் இல்ல, கைகூப்புற பொம்மை மட்டும் முப்பது விழுகுது.

நான் என்ன செய்வேன்னு நீ கேக்கணும். கேக்கலைன்னாலும் சொல்றேன். எனக்கு இப்ப மம்பட்டி தூக்க முடியாது. ஆலமரத்தடியில கட்டிலைப் போட்டு, 'அங்க மேடா இருக்கு, இங்க பள்ளமா இருக்கு, அந்தப் பய ரொம்ப நேரமா பீடி குடிக்கிறான்'னு கொறை சொல்றது என் பங்கு. ஒங்க சின்னத்தா மோரு கரைச்சு வைப்பா. கண்ணு தெரியாத மேலவீட்டுக் கெழவி சட்டியை எண்ணிக்கிட்டு ஒக்காந்திருப்பா. சாயங்காலம் ஒரு சட்டி கொறைஞ்சாலும் ஒருத்தரையும் வீட்டுக்கு விட மாட்டா. எங்க வீடுகள்ல ஒக்காந்து சாப்புடுற ஆளு உண்டு, பங்கு இல்லாத ஆளு கெடையாது. ஒம் மக என்ன பங்குன்னு நீ முடிவு பண்ணாத, அவகிட்டயே கேளு. படம் வரையுற பிள்ளைதான? எந்த வீடு எந்தப் பக்கம் வெட்டுச்சுன்னு ஒரு படம் போட்டு வச்சான்னா, அடுத்த வருசம் எங்களுக்குச் சண்டை மிச்சம்.

ஆகவே மாப்ள, ஐப்பசி மழைக்கு முந்தி ஒங்க கட்டடத்து மூடியைத் தொறந்துரு. தொறக்காட்டி கடப்பாரை நான் பஸ்ஸுல போட்டு விடுறேன். பொங்கலுக்கு வந்து கரும்பு தின்னுட்டு, ஊருணியில தண்ணி நிக்கிற அழகைப் பாத்துட்டுப் போ, வேலை ஒண்ணும் வேணாம். சித்திரை பொறந்த மொத ஞாயித்துக்கிழமை நாலு பேரும் வந்து சேருங்க. விடியக்காலம் அஞ்சரைக்கு வேலை தொடங்கும், வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுருவோம். பிந்தி வர்ற தலைக்கட்டு ஆளுக்கு இருவது சட்டி கூடச் சொமக்கணும்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சிருக்கு. அதுல மெட்ராஸ்காரனுக்குச் சலுகை எதுவும் எழுதல.